பக்கத்துத் தோட்டத்து நீதிபதி

அவரிடம் எதைக் கேட்டாலும் முதலில் தன்னைப் பற்றித்தான் சொல்வார். பெருமை பேசுவதற்காக அல்ல. தக்காளியில் எந்த இனம் நல்லது என்று கேட்டால், "முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த நாற்றுகளை விற்கும் பெண் என் மனைவிக்கு ஒன்றுவிட்ட தங்கை" என்பார். அதன் பிறகுதான் தக்காளிக்கு வருவார். நகரத்தில் நல்ல பாண் எங்கே வாங்கலாம் என்று ஒருநாள் கேட்டேன். ஒரு பேக்கரிக்காரர் தன்னோடு சதுரங்கம் ஆடுகிறவர், போன வாரம் தன்னைத் தோற்கடித்தவர், ஆகவே அவரைப் பற்றித் தான் நல்லதும் சொல்லக்கூடாது கெட்டதும் சொல்லக்கூடாது என்று விளக்கிவிட்டுப் பேசாமல் நின்றார். பாண் எங்கே வாங்குவது என்பது அன்று எனக்குத் தெரியவரவில்லை.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில், ரயில் பாதையை ஒட்டிய சிறுதோட்டச் சங்கத்தில் எனக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. மற்றவர்கள் ரோசாவும் ஆப்பிளும் வளர்க்கிற இடத்தில் நான் வெண்டியும் பச்சை மிளகாயும் கீரையும் போடுகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டிப் பொருத்துவது என் வேலை. வேலை முடிந்தால் நேரே தோட்டம். எந்த நாளில் என்ன விதைத்தேன், எப்போது முளைத்தது, மழை பெய்ததா என்று நாட்குறிப்பில் எழுதி வைப்பது வழக்கம். அதில் வெண்டிக்கும் மிளகாய்க்கும் நடுவே இந்த மனிதரும் ஏறிவிட்டார்.

அடுத்த துண்டு அப்போது அவருடையது. சரியாகச் சொன்னால் அவருடைய மனைவியின் குடும்பத்துடையது. இப்போது அதில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவரும் மனைவியும் தங்கள் மகளோடு இருப்பதற்காக அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். உயரமான ஆள். முதுகு சற்றுக் கூனியிருக்கும். வெயில் இல்லாத நாளிலும் வைக்கோல் தொப்பி. சங்கத்தில் எல்லோரும் அவரை "ஹெர் ரிச்ட்டர்" என்று கூப்பிட்டார்கள். நீதிபதி ஐயா என்று அர்த்தம். பட்டப்பெயர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் உண்மையாகவே நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது பூசணிக்காய் விவகாரத்தில்தான் தெரிந்தது.

என் பூசணிக் கொடி வேலிச்செடியின் அடியால் நுழைந்து அவர் பக்கத்தில் காய்த்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கொடி உங்களுடையது, மண் என்னுடையது. காய் பெரிதாகிவிட்டது. யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டார்.

"எடுத்துக்கொள்ளுங்கள்," என்றேன்.

"நீங்கள் தந்து நான் வாங்கினால் அது பரிசு. நான் கேட்பது உரிமையைப் பற்றி. அதை நான் சொல்ல முடியாது, எனக்குப் பூசணி சூப் பிடிக்கும். நீங்களும் சொல்ல முடியாது."

மூன்றாவது துண்டுக்காரியை அழைத்தார். தபால் சேவையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. அவர் எங்கள் இருவரையும் கேட்டார், கத்தி கொண்டுவரச் சொன்னார், காயை மூன்றாக வெட்டினார், நடுத்துண்டைத் தன் கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நீதிபதிக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தீர்களா, அந்த அம்மாவுக்கும் சூப் பிடிக்கும்! அமெரிக்காவில் இத்தனை வருடம் நீதிபதியாக இருந்தவன், நியமிப்பதற்கு முன்னால் அதைக் கேட்டிருக்க வேண்டும்," என்று அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இலையுதிர்காலத்தில் சங்கத்தில் ஆப்பிள் கேக் போட்டி நடக்கும். கையில் ஒரு நீதிபதி இருக்கும்போது வேறு நடுவரை யார் தேடுவார்கள்? ஒவ்வொரு வருடமும் அவரைத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு வருடமும் தன் மனைவி போட்டியிடுவதைச் சொல்லி விலகிவிடுவார். ஒருமுறை மனைவி அலுத்துப்போய், "இந்த வருடம் நான் கேக் செய்யவில்லை. போய் ஒழுங்காக நடுவராக இருங்கள்," என்று அனுப்பிவைத்தார். எந்தத் தட்டு யாருடையது என்று தெரியாதபடி தட்டுகளில் பெயர் எழுதாமல் வைத்திருந்தார்கள். அவர் முதல் தட்டின் மேல் குனிந்து மோந்து பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார். அந்தக் கறுவாப்பட்டை வாசம் தனக்குத் தெரியும், அதைச் செய்தவர் தனக்குத் தள்ளுவண்டி இரவல் தந்தவர், ஆகவே மன்னிக்க வேண்டும் என்றார். கூட்டம் சிரித்ததில் மேசை ஆடியது. அவர் சிரிக்கவில்லை.

அவருடைய தொழிலை அறிய எனக்கு ஆசை. அதற்குக் காரணம் இருந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், என் அகதி விண்ணப்பத்துக்காக நானும் ஒரு நீதிபதியின் முன்னால் இருந்திருக்கிறேன். அவர் ஜெர்மன் மொழியில் கேட்டார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார், நான் பதில் சொன்னேன். என் உயிர் அந்த மேசையில் ஒரு கோப்பாகக் கிடந்தது. நடுவில் அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். அப்போது என்ன நினைத்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த சாதியைச் சேர்ந்த ஒருவர் இப்போது என் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார். கேட்காமல் இருக்க முடியுமா?

அவர் எதையும் வரிசையாகச் சொன்னதில்லை. கொடிக்குக் கம்பு நடும்போது ஒன்று, நத்தை பொறுக்கும்போது ஒன்று. தகப்பன் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் முடிவெட்டுகிறவர். இவர் இளவயதில் படைவீரனாக ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். தெருவில் சைக்கிள் சங்கிலி கழன்று நின்ற ஒரு பெண்ணுக்கு உதவப் போய், சங்கிலியைப் பூட்டத் தெரியாமல் கையெல்லாம் எண்ணெய் ஆக்கிக்கொண்டார். அந்தப் பெண்ணே அதைப் பூட்டிவிட்டு, பிறகு இவரையும் மணந்துகொண்டார். ஊர் திரும்பிச் சட்டம் படித்து, அரசாங்க வழக்கறிஞராக இருந்து, பிறகு நீதிபதி. அங்கே மாநிலத்து நீதிமன்றங்கள் வேறு, முழு நாட்டுக்குமான ஃபெடரல் நீதிமன்றங்கள் வேறு. இவர் இரண்டாவது வகை. ஜனாதிபதி பெயரைச் சொல்ல வேண்டும், செனட் சபை விசாரித்துச் சம்மதிக்க வேண்டும். சம்மதித்துவிட்டால் ஆயுள் முழுக்கப் பதவி. தீர்ப்புப் பிடிக்கவில்லை என்பதற்காக யாரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது, சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது.

நீதிபதிகளை இடம் மாற்றியும் மிரட்டியும் பார்த்த நாட்டிலிருந்து வந்தவன் நான். "பிறகென்ன, பயமே இருந்திருக்காதே!" என்றேன்.

"அதில்தான் பயம்," என்றார். "என்னை வேறு யாரும் நீக்க முடியாது. அப்படிப்பட்ட ஆளுக்கு எப்போது தன்னைத்தானே நீக்குவது என்று தெரிந்திருக்க வேண்டும்."

புதிய வழக்கு வரும்போதெல்லாம் அவர் முதலில் பார்ப்பது என்ன குற்றம் என்பதை அல்ல. யார் யார் பெயர் இருக்கிறது என்பதை. உறவா, நண்பனா, கூடப் படித்தவனா, அந்தக் கம்பனியின் பங்கு ஏதாவது வீட்டில் இருக்கிறதா. ஒன்று இருந்தாலும் வழக்கு வேறு நீதிபதிக்குப் போய்விடும். அவருடைய மனைவி என் மனைவியிடம் சொன்ன விதம் வேறு. "அவர் பதவி ஏற்ற நாளோடு எனக்கும் வாய் போய்விட்டது. எந்தக் கட்சிக்கும் வீட்டு வாசலில் ஒரு பதாகை நடக்கூடாது, யார் வீட்டு விருந்துக்கும் கேட்காமல் போகக்கூடாது. நான்தான் உண்மையில் ஆயுள் தண்டனை அனுபவித்தவள்." கணவர் ஓய்வு பெற்றதும், உங்கள் நாட்டில் என் பங்குக்கு இருந்துவிட்டேன், இனி நீங்கள் என் நாட்டில் இருங்கள் என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டாராம்.

பதவியில் இருந்த காலத்தில் ஆண்டுக்கொரு முறை, தான் ஆட்களை அனுப்பிவைத்த சிறைச்சாலைக்கு அவர் போவதுண்டு. அங்கே கைதிகளோடு வரிசையில் நின்று அதே தட்டில் சாப்பிடுவார். "எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். "உப்பு இருக்காது," என்றார்.

ராஸ்பெரித் தண்டுகளைக் கத்தரித்த ஒரு மாலையில் அவருடைய தம்பியைப் பற்றிச் சொன்னார். ஊரில் ஒரு காகித ஆலை. கழிவை ஆற்றில் விட்டதற்காக வழக்கு வந்தது. தம்பிக்கு அந்த ஆலையில் வேலை. அண்ணன் நீதிபதி, ஆலை பிழைத்தது என்று ஊர் நம்பியிருந்தது. இவர் விலகிவிட்டார். வழக்கு வேறு ஊர் நீதிபதியிடம் போனது, ஆலை மூடப்பட்டது. தம்பி அதன்பின் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வரவில்லை. தகப்பனின் சவப்பெட்டியை இருவரும் எதிரெதிர்ப் பக்கத்தில் பிடித்துத் தூக்கினார்களாம், பேசாமலே.

"நீங்களே விசாரித்திருந்தால் ஆலை மூடப்பட்டிருக்காதோ?"

"மூடப்பட்டிருக்கலாம். நானே மூடியிருக்கலாம்."

"விலகியதற்காக வருந்துகிறீர்களா?"

கத்தரிக்கோலை மடித்துப் பைக்குள் போட்டார். "அந்தக் கேள்விக்கு நான் நடுநிலையான ஆள் இல்லை," என்றார்.

இப்படிப்பட்டவரை எங்கள் கோயில் வழக்குக்கு அழைத்து வந்தவன் நான்தான்.

எங்கள் அம்மன் கோயில் நகரத்துக்கு வெளியே, முன்பு தரைவிரிப்புக் களஞ்சியமாக இருந்த கட்டடத்தில் இருக்கிறது. நான் அதன் செயலாளர். கோடையில் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம்: அன்றைய பூசையும் அன்னதானமும் அவர்கள் பொறுப்பு, ஐயர் சங்கற்பம் சொல்லும்போது அம்மனுக்கு முன்னால் தர்ப்பை போட்டு நிற்பதும் அவர்கள். தேர் நாள் ஆரம்பத்திலிருந்தே இரண்டு நண்பர்களின் உபயம். ஒருவர் கடைக்கார அண்ணை, பலசரக்குக் கடை வைத்திருப்பவர். மற்ற நண்பர் நோயில் இறந்துபோனார். அவருடைய மனைவியை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவர். ஒரே மகள் பிராங்பேர்ட்டில் வங்கியில் இருக்கிறாள்.

துக்கம் நடந்த அந்த ஆண்டு அக்கா வீட்டார் திருவிழாவில் நிற்கவில்லை. அது முறை. கடைக்கார அண்ணை தேரைத் தனியே செய்தார். அடுத்த ஆண்டு, "இந்த முறை நானும் நிக்கிறன்," என்று அக்கா சொன்னபோதுதான் பிரச்சினை வந்தது. கணவனை இழந்த பெண், தனியே, தேர் நாளில் முன்னால் நிற்பதா என்று ஒரு பக்கம் முணுமுணுத்தது. நிர்வாகக் கூட்டத்தில் அது வெளியே வந்தது.

"அக்கா மகளை முன்னுக்கு விட்டிட்டுத் தான் பின்னுக்கு நிக்கட்டும்," என்றார் ஒருவர்.

"அவளுக்குத் தேர் எண்டைக்கு எண்டே தெரியாது, அவளை ஏன் இழுக்கிறியள்?" என்றார் அக்கா. "தேருக்குத் தொங்கல் தைச்சது நான். அன்னதானத்துக்கு அடுப்படியில நிண்டது நான். அவர் போனாப் பிறகு அந்த நாளில எனக்குப் பங்கு இருக்கோ இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

"நான் உங்களை வரவேண்டாம் எண்டு சொன்னனானோ அக்கா?" என்றார் கடைக்கார அண்ணை. "வாங்கோ, நில்லுங்கோ. ஆனா முன்னுக்கு நிண்டா சனம் கதைக்கும். பேந்து தேர் அச்சு முறிஞ்சாலும் உங்களைத்தான் சொல்லுவினம்."

"அச்சு முறிஞ்சா மெக்கானிக்கைக் கூப்பிடுங்கோ. என்னை ஏன் சொல்லுறியள்?"

தலைவர் தலையில் கை வைத்தார். "எங்கட ஆக்களுக்குள்ள ஆரைப் பிடிச்சாலும் ஒரு பக்கம் மச்சான், மற்றப் பக்கம் சம்பந்தி. எங்கட ஊர் பேர் தெரியாத ஒரு ஆள் வேணும். தம்பி, உம்மட தோட்டத்துக்குப் பக்கத்தில ஒரு அமெரிக்க நீதவான் இருக்கிறாரெல்லே?"

இரு தரப்பும் சம்மதித்தன. அமெரிக்க நீதிபதி என்றதும் அக்காவுக்கும் பெருமை, அண்ணைக்கும் பெருமை. நான் தோட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"முதலில் ஒன்று. உங்கள் வெண்டிக்காய்க் குழம்பை நான் பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். நீங்கள் எந்தத் தரப்பு?"

"எந்தத் தரப்பும் இல்லை. செயலாளர்."

"யார் வெல்ல வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?"

பொய் சொல்ல முடியவில்லை. "அக்கா."

"அப்படியானால் நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம்."

எனக்குக் கொஞ்சம் சுட்டது. ஆனாலும் வேறு ஆளைத் தேடினோம். கணினி நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் மதுரைப் பெண் ஒருத்தி கிடைத்தாள். எங்கள் ஆட்களில் யாரையும் அவளுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியப் பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் கூடினோம். அவர் கறுப்பு கோட்டும் டையும் அணிந்து வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சாம்பல் நிறக் காலுறையோடு நடந்தார். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கதிரை போடும்படி முன்பே சொல்லியிருந்தார்.

"சார், உபயம்னா ஸ்பான்சர் பண்றதுதானே?" என்று மதுரைப் பெண் என்னிடம் மெல்லக் கேட்டாள். அது கடைக்கார அண்ணையின் காதில் விழுந்துவிட்டது. "பிள்ளை, ஸ்பான்சர் பண்ணுறது கிரிக்கெட்டுக்கு. இது அம்மனுக்குச் செய்யிறது," என்றார். அவளும் சிரித்தாள், அண்ணையும் சிரித்தார்.

அதுவரை எல்லாம் நன்றாக நடந்தது. நீதிபதி உட்காரப் போகும் நேரம், பட்டுவேட்டியில் இருந்த கடைக்கார அண்ணை எழுந்து முன்னால் வந்தார். பின்னால் அவர் மனைவி பழத்தட்டோடு. அண்ணை சரிகைக் கரை போட்ட பொன்னாடை ஒன்றை விரித்து நீதிபதியின் தோளில் போர்த்தினார். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான். பெரிய மனிதர் ஒருவர் கோயிலுக்கு வந்தால் சால்வை போடாமல் இருத்தி வைப்பது எங்களுக்குத் தெரியாது.

இது என்ன என்று நீதிபதி மதுரைப் பெண்ணைக் கேட்டார்.

"மரியாதை," என்றாள் அவள்.

"கோயிலின் மரியாதையா?"

அவள் திரும்பிக் கேட்டாள். "இல்லை, இல்லை, நான் என்ர காசில வாங்கினது," என்றார் அண்ணை, முகமெல்லாம் மலர்ந்து. அவள் அதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவர் சால்வையைக் கழற்றி, மடித்து, மேசையில் வைத்தார். "மன்னிக்க வேண்டும். இனி நான் இதைக் கேட்க முடியாது," என்று தொப்பியை எடுத்தார்.

மண்டபம் கலைந்த தேன்கூடு போல ஆயிற்று. "ஐயோ ஐயா, இது லஞ்சமில்லை!" என்று அண்ணை கையெடுத்துக் கும்பிட்டார். "போட்ட சால்வையைக் கழட்டினா எங்களுக்கெல்லே அவமானம்," என்றார் தலைவர். "அப்ப நாங்களும் ஒண்டு போடுறம், சரிக்குச் சரி!" என்று அக்கா பக்கத்திலிருந்து யாரோ கத்தினார்கள்.

கடைசியாகச் சொன்னது என்ன என்று அவர் மதுரைப் பெண்ணிடம் கேட்டார். பிறகு தொப்பியைத் திரும்ப மேசையில் வைத்தார். "இது உங்கள் வழக்கம் என்றால், மற்றத் தரப்பு ஏன் கொண்டுவரவில்லை?"

அக்கா எழுந்தார். கைப்பையிலிருந்து, கடையின் பொலித்தீன் உறை பிரிக்காத ஒரு சால்வையை எடுத்தார்.

"நானும் கொண்டு வந்தனான்," என்றார். "வாசலில வைச்சே சொல்லிப்போட்டினம், நீங்கள் போடாதையுங்கோ, ஆம்பிளை ஆரும் போடட்டும் எண்டு. எனக்காக ஆர் ஆம்பிளை போடுறது? போட இருந்தவர் போயிட்டார்."

மதுரைப் பெண் அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள்.

நீதிபதி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "நான் போய்விடலாம். அல்லது அவரிடம் வாங்கியதைப் போலவே இவரிடமும் வாங்கிக்கொண்டு, இரு தரப்பும் சம்மதித்தால் உட்காரலாம்," என்றார். "இவருடைய சால்வையை யார் போடுவது என்பது இவர் விருப்பம். யாருக்காவது எதிர்ப்பு இருக்கிறதா?"

எல்லோரும் கடைக்கார அண்ணையைப் பார்த்தோம். அவர் வேட்டிக் கரையை விரலால் உருட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். ஐயா எழும்பிப் போய்விட்டால் தன் சால்வையால்தான் போனார் என்று ஊர் சொல்லும். அது அவருக்குத் தெரியும். "எனக்கு ஒரு எதிர்ப்பும் இல்லை," என்றார் கடைசியில். "ஐயா இருக்கட்டும்."

அக்கா நீதிபதியின் நெஞ்சளவு உயரம்தான். அவர் நன்றாகக் குனிந்தார். அக்கா சால்வையை விரித்துப் போர்த்தினார். கைதட்டல் இல்லை. பிறகு, அண்ணையின் மனைவி பழத்தட்டைக் கதிரையில் வைத்துவிட்டுக் கைதட்டினார். அதன்பின் மற்றவர்களும்.

விசாரணை பின்னேரம் வரை நடந்தது. நீதிபதி யாரையும் இடைமறிக்கவில்லை, சன்னலுக்கு வெளியே பார்க்கவும் இல்லை. யாருக்கும் தெரியாத ஒன்றை அன்று கடைக்கார அண்ணை சொன்னார். ஆஸ்பத்திரியில் நண்பர் கையைப் பிடித்துக்கொண்டு, தேரைக் கைவிடாதே என்றாராம். "கைவிடாமல் செய்தன். அதுக்கு இப்ப என்னைக் கள்ளன் மாதிரி இருத்தி வைச்சிருக்கிறியள்," என்றார்.

"உன் பெயரில் செய் என்றாரா, என் மனைவியோடு சேர்ந்து செய் என்றாரா?" என்று நீதிபதி கேட்டார்.

அண்ணை பொய் சொல்லவில்லை. "அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை. மூச்சு வாங்கிச்சுது அவருக்கு."

அக்காவுக்கு இது புதிது. அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு எல்லோரும் தீர்ப்புக்காகக் காத்திருந்தோம். அவர் எழுந்தார். இரண்டு சால்வைகளும் மேசையில் மடித்தபடி இருந்தன.

"நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. முதல் சால்வையை இவர் போட்டபோது எனக்குத் தர்மசங்கடம். இரண்டாவதை அந்த அம்மா போட்டபோது எனக்குச் சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷம் இன்னும் போகவில்லை. ஒரு தரப்பைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஆள் தீர்ப்புச் சொல்லக்கூடாது. நீங்களே முடிவு செய்யுங்கள்."

"உதுக்கோ எங்களை இவ்வளவு நேரம் இருத்தி வைச்சவர்?" என்று தலைவர் பொங்கினார். பின்வரிசையில் பாதிப்பேர் சிரித்துவிட்டார்கள்.

"ஐயா ஆரின்ர பக்கம் எண்டு சொல்லிப்போட்டாரே," என்றார் கடைக்கார அண்ணை.

மதுரைப் பெண் அதைச் சொன்னதும் நீதிபதி தலையாட்டி மறுத்தார். "இல்லை. என் பேச்சை நீங்கள் ஏன் கேட்கக்கூடாது என்பதைத்தான் சொன்னேன்."

வேண்டுமென்றே அப்படிச் செய்தாரா என்பது எனக்கு இன்றைக்கும் விளங்காத விஷயம். அடுத்த வாரம் தோட்டத்தில் கேட்டும் விட்டேன். அவர் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு கீரைப் பக்கம் போய்விட்டார். "அவருக்கே தெரியாது, கேட்காதீர்கள்," என்றார் அவருடைய மனைவி.

நிர்வாகமும் முடிவு செய்யவில்லை. அறிவித்தலில் இரண்டு குடும்பத்தின் பெயரையும் போடச் சொன்னார்கள். முன்னால் யார் நிற்பது என்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நகரசபைக்குத் தேர் அனுமதிக்கான விண்ணப்பத்தை அனுப்பினேன். அனுமதி வந்தது. நாள் நெருங்க நெருங்க அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அண்ணையும் ஒன்றும் சொல்லவில்லை.

தேர் நாளில் நல்ல வெயில். நீதிபதியும் மனைவியும் வந்திருந்தார்கள். ஆனால் கோயிலுக்குள் வரவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம், நிறுத்தியிருந்த லொறிகளின் நிழலில் நின்றார்கள். உள்ளே வரும்படி போய்க் கூப்பிட்டேன். "வழக்கு இன்னும் முடியவில்லையே," என்றார்.

உள்ளே சனம் நெருங்கியடித்தது. "தேர் உபயகாரர் வாங்கோ," என்று ஐயர் கூப்பிட்டார். கடைக்கார அண்ணையும் மனைவியும் முன்னால் போனார்கள். அக்கா பெண்கள் வரிசையில், தூணோடு, மகளுக்குப் பக்கத்தில் நின்றார். ஐயர் தர்ப்பையை நீட்டினார். அண்ணை கை நீட்டவில்லை. திரும்பிப் பார்த்தார்.

"என்ன அக்கா பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ஐயர் காத்துக்கொண்டு நிக்கிறார்."

"நானோ?"

"பின்ன ஆர்? வெயில் ஏற முதல் தேரை இழுக்க வேணுமெல்லே. வாங்கோ."

பின்னால் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அண்ணையின் மனைவி திரும்பி அந்தத் திசையைப் பார்த்தார். அது நின்றுவிட்டது. அக்கா வந்தார். நடக்கும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். ஐயர் ஒரு கணம் தயங்கி, தர்ப்பையைக் கொடுத்து, பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அக்கா தன் பெயரைச் சொன்னார். "உத்திரட்டாதி," என்றார் அடுத்து, மண்டபம் முழுவதும் கேட்கும்படி. இத்தனை வருடம் அந்த நாளுக்குக் கணவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதிக் கொடுத்தவன் நான். அக்காவின் நட்சத்திரம் எனக்கு அன்றுதான் தெரியும்.

சங்கற்பம் முடிந்ததும், தேர் வரப்போவதைப் பொலிசாருக்குச் சொல்லத் தெருவுக்கு ஓடினேன். நீதிபதி என்னைக் கண்டு கையைக் காட்டினார்.

"யார் நின்றார்கள்?"

"இருவரும்."

"யாராவது எதிர்த்தார்களா?"

"ஒருவர் முணுமுணுத்தார்."

"எழுந்து நின்று?"

"இல்லை. பின்னால் இருந்துகொண்டு."

"அப்படியானால் வழக்கு முடிந்துவிட்டது?"

"முடிந்துவிட்டது," என்றேன்.

உள்ளே மேளம் உரத்தது. வாசல் கதவுகளைத் திறந்து, தேர் வடத்தைத் தெருவில் நீளமாக விரித்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். நடைபாதை ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.